மேஸ்திரிக்கு அனுமதி இல்லை

பேட்டை, திருவனந்தபுரம்
3 ஜூன் 2024

திரு. சத்தியதாஸ் அவர்களுக்கு,

நமக்குள் எதைப் பேசுவதானாலும் எழுத்தில்தான் பேச வேண்டும் என்று குடும்ப நீதிமன்றத்து மீடியேட்டர் அம்மா சொன்னதை நான் மறக்கவில்லை. அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். விவாகரத்து ஆகி ஆறு மாதத்துக்குள் என் கையெழுத்தைப் பார்க்க வேண்டி வந்ததற்கு வருந்துகிறேன். விஷயம் நம் நாயைப் பற்றியது.

எனக்கு நியூசிலாந்தில் ஒரு மருத்துவமனை லேபில் வேலை கிடைத்திருக்கிறது. ஜனவரி ஆறாம் தேதி சேர வேண்டும். மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போகத்தான் ஏற்பாடு. நாயை இங்கிருந்து நேராகக் கொண்டுபோக முடியாது. நடுவில் அவர்கள் ஒப்புக்கொண்ட வேறொரு நாட்டில் ஆறு மாதம் வைத்திருந்து, அங்கே ரத்தம் சோதித்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். ராகேஷ் என்று ஓர் ஏஜென்ட் இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறார். "அங்க போய்த் தோத்தா நடுவழியில மாட்டிக்கும் சேச்சி. இங்கேயே ஒரு தடவை டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம்" என்று சொன்னதும் அவர்தான். எடுத்தோம். மற்ற நோய்களில் எல்லாம் தேறிவிட்டான். பேபீசியாவில் மட்டும் பாசிட்டிவ்.

அது உண்ணி கடித்து ரத்தத்தில் ஏறும் கிருமி. காய்ச்சல் ஆறினாலும் கிருமி முழுக்கப் போகாது. ஒருமுறை பாசிட்டிவ் வந்துவிட்டால் அந்த நாய்க்கு எந்தக் காலத்திலும் அந்த நாட்டுக்குள் அனுமதி இல்லை என்கிறார் ராகேஷ்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் வீட்டில் அவனுக்கு ஒருநாள்கூட உடம்பு சுட்டதில்லை. மாதம் தவறாமல் உண்ணி மருந்து விடுகிறேன். உங்களைப் பிரிந்து வந்து நான் ஹாஸ்டலில் இருந்தபோது, 2022 ஆகஸ்ட் முதல் மறு வருஷம் ஏப்ரல் வரை, அவன் வித்துராவில் உங்களோடு இருந்தான். அந்த எட்டு மாதத்தில் அவனுக்குக் காய்ச்சல் ஏதாவது வந்ததா? இரண்டாவது டெஸ்டுக்குக் கொடுக்கும் முன் எனக்குத் தெரிய வேண்டும்.

ஆம், இல்லை என்று எழுதினால் போதும்.

ஜெஸ்லின்


வித்துரா
8 ஜூன் 2024

ஜெஸ்லின்,

இல்லை.

என்னிடம் இருந்தவரை அவன் நன்றாகத்தான் இருந்தான். இங்கே மலைக்காற்று. உன் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதையோரம் எத்தனை தெருநாய் கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு என்னைக் கேள்.

விழிஞ்ஞம் கடப்புறத்தில் மீன் பெட்டிக்குள் கிடந்த குட்டி அது. அதற்கு விசா எடுக்கிறாய். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

சத்தியதாஸ்


பேட்டை
24 ஜூன் 2024

சத்தியதாஸ்,

இரண்டாவது டெஸ்டும் பாசிட்டிவ்.

உங்கள் "இல்லை"யை நம்பி நான் செய்த பைத்தியக்காரத்தனத்தைக் கேளுங்கள். டியூட்டி முடிந்ததும் மேஸ்திரியின் காது நுனியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, ஸ்லைடில் தேய்த்து, எங்கள் லேப் மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒரு கிருமிகூடக் கண்ணில் படவில்லை. முதல் ரிப்போர்ட்தான் தப்பு என்று குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைவாக இருந்தாலும் பி.சி.ஆர். டெஸ்ட் பிடித்துவிடும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பதினான்கு வருஷமாக இதே வேலை. ஆனாலும் குதித்தேன்.

இரண்டாவது ரிப்போர்ட் வந்ததும் உங்கள் பக்கத்துக் கால்நடை ஆஸ்பத்திரிகளுக்கு வரிசையாக போன் போட்டேன். மூன்றாவது ஆஸ்பத்திரியில் யோசுவா என்ற கம்பவுண்டர் பழைய பதிவேட்டைப் புரட்டி வாசித்தார். "பேரு மேஸ்திரி. ஆண், நாட்டு நாய். உரிமையாளர் சத்தியதாஸ், பைக் வொர்க்‌ஷாப். பேபீசியா. 2022 நவம்பர் பதினாலுல இருந்து பதினோரு நாள் இன்ஜெக்‌ஷன். எனக்கு நல்ல ஞாபகம் உண்டு அக்கா, அந்த அண்ணன் நாயை நெஞ்சில கட்டிக்கிட்டு வருவாரு" என்றார்.

நெஞ்சில் கட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். எனக்கு ஒரு வரி எழுத முடியவில்லை. மூன்று வாரம் முன்பு நேராகக் கேட்டபோதும் "இல்லை".

அயர்லாந்திலிருந்து எனக்கு வந்த வேலை உத்தரவை டூல் பாக்ஸில் பத்தொன்பது நாள் ஒளித்து வைத்தீர்களே, அன்றைக்கே நமக்குள் எல்லாம் முடிந்தது. "மறந்துபோச்சு" என்றீர்கள். இதற்கு என்ன சொல்லப்போகிறீர்கள்?

ஜெஸ்லின்


வித்துரா
1 ஜூலை 2024

ஜெஸ்லின்,

யோசுவா சொன்னது உண்மை. மறைத்ததும் உண்மை.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த நவம்பரில் விடாத மழை. இரண்டு நாளாக அவன் சோற்றைத் தொடவில்லை. உனக்குத் தெரியுமே, வாசலில் எந்த பைக் வந்து நின்றாலும் எழுந்து போய்ச் சக்கரத்தை மோந்து பார்த்துவிட்டு, நான் வேலை முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். குட்டியாக இருந்தபோது அடுத்த வீட்டு மணல் குவியலில் உட்கார்ந்து கொத்தனார்களையே பார்த்துக்கொண்டிருந்ததால்தானே மேஸ்திரி என்று பெயர் வைத்தோம். அப்படிப்பட்டவன் அன்றைக்குத் தலையைத் தூக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் சுவரோரம் மூத்திரம் போனான். பால் விடாத கட்டன்காப்பி நிறம்.

பக்கத்தில் டீக்கடை போட்டிருக்கும் எலிசாள் அக்கா வந்து அவன் வாயைத் திறந்து பார்த்தாள். "எலே தாஸு, இதுக்க ஈறைப் பாருலே, வெளுத்த துணி மாதிரி கெடக்கு. இன்னைக்கு டாக்டர்கிட்ட காட்டல்லன்னா நாளைக்கு நீ குழிதான் தோண்டணும்" என்றாள். ஆட்டோக்காரர்கள் நாயை ஏற்ற மாட்டேன் என்றார்கள். வேட்டியால் அவனை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, மேலே ரெயின்கோட் போட்டுக்கொண்டு பைக்கில் போனேன். போகிற வழி முழுக்க அவன் மூச்சு என் கழுத்தைச் சுட்டது. பதினோரு நாள் அப்படித்தான் போய்வந்தேன். ஏழாம் நாள் வாசலில் ஒரு புல்லட் வந்து நின்றது. அவன் ஆடி ஆடி எழுந்து போய்ச் சக்கரத்தை மோந்தான். புல்லட்டில் வந்த ஆள் பார்க்கப் பார்க்க நான் அழுதேன்.

உனக்கு ஏன் எழுதவில்லை என்றால், எழுதியிருந்தால் மறுநாளே வந்து, "ஒரு நாயைப் பார்த்துக்கொள்ளக்கூட உங்களால் முடியவில்லை" என்று தூக்கிக்கொண்டு போயிருப்பாய். அந்த வீட்டில் என்னைத் தவிர மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அவன் மட்டும்தான். உடம்பு தேறட்டும், சொல்லலாம் என்று இருந்தேன். தேறிய பிறகு எதற்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டது. இப்போது நீ கேட்டபோதும் பயத்தில்தான் இல்லை என்று எழுதினேன்.

ஒரு வழி உண்டு. எலிசாள் அக்காவிடம் ஒரு நாய் இருக்கிறது. நோய்நொடி இல்லாதது. அதன் ரத்தத்தை மேஸ்திரி பெயரில் கொடுத்துவிடலாம். ஊசி குத்துவது உனக்குக் கைவந்த வேலை. நாயை நான் பிடித்துக்கொள்கிறேன். நான் செய்த தப்புக்கு என்னால் முடிந்தது இதுதான்.

தாஸ்


பேட்டை
12 ஜூலை 2024

சத்தியதாஸ்,

நீங்கள் சொன்ன அதே வழியை ராகேஷும் சொன்னார். "வேறே பட்டிக்க ரத்தம் கொடுத்தா போதும் சேச்சி, நான் ஏற்பாடு பண்ணித் தரேன்." சரி, இங்கே ஏமாற்றிவிடலாம். நடுவில் போகும் நாட்டில்? அங்கே அரசாங்க டாக்டர், அவன் கழுத்துத் தோலுக்குள் இருக்கும் சிப்பைப் படித்துவிட்டு, தன் கையாலேயே ரத்தம் எடுப்பார். அங்கே தோற்றால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. யாருமே தெரியாத ஊரில் ஒரு கம்பிக் கூண்டுக்குள் கிடப்பான். இதைக் கேட்டதற்கு ராகேஷ், "அதை அப்ப பாத்துக்கலாம்" என்றார். அன்றோடு அவரை நிறுத்திவிட்டேன். மேஸ்திரி என்னோடு வரப்போவதில்லை, இனி ஏஜென்ட்டே வேண்டாம்.

ஆனால் உங்களை மட்டும் குற்றம் சொல்லி நான் நல்லவளாகிவிட முடியாது. ராகேஷ் சொன்ன அன்றைக்கே எங்கள் தெருவில் ஒரு நாயை பிஸ்கட் காட்டி வீட்டுக்குள் கூட்டிவந்தேன். டியூபில் மேஸ்திரி என்று எழுதி ஒட்டினேன். நாயின் காலில் ரப்பர் கட்டி, சிரிஞ்சையும் கையில் எடுத்துவிட்டேன். அது வாலை ஆட்டிக்கொண்டு காலை நீட்டியபடி நின்றது. யாருக்கு ஊசி குத்தினாலும் முதலில் பெயரைக் கேட்டு, டியூபில் இருக்கிற பெயரோடு ஒத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். வாய் தன்னாலே, "உங்க பேரு?" என்று கேட்டுவிட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ரப்பரை அவிழ்த்துவிட்டேன். மேஸ்திரி பக்கத்து அறையில் கதவைப் பிராண்டிக்கொண்டிருந்தான்.

இரண்டு வாரமாக அவனுக்கு இடம் தேடுகிறேன். மார்த்தாண்டத்தில் அம்மாவிடம் கேட்டேன். "நாயும் இங்க வேண்டாம், நீயும் எங்கயும் போவண்டாம். முப்பத்தேழு வயசில இனி அங்க போயி என்னத்த வாரப்போற?" என்றாள். லேபில் எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். நாய்க் காப்பகம் ஒன்றைப் போய்ப் பார்த்து, வாசலோடு திரும்பிவிட்டேன்.

எழுதவே கை கூசுகிறது. நீங்கள் அவனை வைத்துக்கொள்வீர்களா?

ஜெஸ்லின்


வித்துரா
20 ஜூலை 2024

ஜெஸ்லின்,

முடியாது.

ஹாஸ்டலுக்குப் போனபோது நீ என்னிடம் விட்டுப் போனவை: தையல் மெஷின், மிக்சி, உன் அப்பாவின் படம், நாய். பேட்டையில் வீடு கிடைத்ததும் ஒவ்வொன்றாக வந்து எடுத்துக்கொண்டாய். கடைசியாக நாயை எடுத்தாய். அன்றைக்கு நான் வெளியே வந்து முகம் காட்டவில்லை என்று மீடியேட்டரிடம் குறை சொன்னாய். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். ஜீப் வளைவு திரும்பும்வரை அவன் குரைத்தது கேட்டது.

உனக்குத் தேவைப்படாத காலத்தில் போட்டு வைக்கிற குடோன் இல்லை நான். ஒருமுறை அவன் இல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அது எவ்வளவு நாள் பிடித்தது என்று உனக்குச் சொல்ல மாட்டேன். மூன்று வருஷம் கழித்து வந்து, "என் நாயைக் கொடுங்கள்" என்பாய். மீடியேட்டர் அம்மாவும் கொடு என்பார்.

வேறு ஆளைப் பார்.

சத்தியதாஸ்


பேட்டை
2 டிசம்பர் 2024

சத்தியதாஸ்,

இதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

நான் போகவில்லை.

கவடியாரில் உமாசங்கர் என்று ஒரு ரிட்டயர்ட் பேங்க் மேனேஜர். நல்ல மனிதர், பெரிய காம்பவுண்ட், ஏற்கெனவே இரண்டு நாய் வளர்த்தவர். அக்டோபரில் மேஸ்திரியை அவரிடம் விட்டேன். முதல் நாள் இரும்பு கேட்டைக் கடித்துப் பல் உடைந்தது. இரண்டாம் நாள் பூராவும் ஊளை. நான்காம் நாள் அவரே காரில் கொண்டுவந்து விட்டார். "அம்மா, நான் இதைச் சங்கிலியில் கட்டினால்தான் வைத்திருக்க முடியும். கட்ட எனக்கு மனசு வரவில்லை" என்றார். அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு நான் கக்கூஸுக்குப் போனாலும் கதவருகே வந்து உட்காருகிறான். நான் டியூட்டிக்குக் கிளம்பினால் நடுங்குகிறான். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியை எடுத்து அடுக்குகிறேன், மறுபடி எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் வைக்கிறேன். லேபில் ஒரு நாள் ஒரே டியூபை இரண்டு தடவை மெஷினில் வைத்துவிட்டேன்.

மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டதில் பிப்ரவரி மூன்றுவரை தவணை கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் காத்திருக்க மாட்டார்கள். மூன்றாவது முறையாகக் கிடைத்த வேலை. முதல் தடவை உங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இரண்டாம் தடவை டூல் பாக்ஸ். இந்தத் தடவை நாய். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு வரவில்லை என்று எழுதப்போகிறேன்.

உங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

ஜெஸ்லின்


வித்துரா
4 டிசம்பர் 2024

ஜெஸ்லின்,

இதை கூரியரில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன் கிடைக்க வேண்டும்.

எழுதாதே. அவனைக் கொண்டுவா.

ஜனவரி பத்தொன்பது, ஞாயிறு. அன்றைக்கு வொர்க்‌ஷாப் லீவு. அதுவரை உன்னோடு இருக்கட்டும். அவன் போர்வை, தட்டு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுவா. போட்டோ அனுப்பு, வீடியோவில் காட்டு என்றெல்லாம் கேட்கக் கூடாது. நீ கூப்பிட்டால் அவன் போனைப் பார்த்துவிட்டு வீடெல்லாம் தேடுவான். என்னால் அதைப் பார்க்க முடியாது. விவரம் வேண்டுமானால் எழுது, பதில் எழுதுகிறேன்.

எந்தப் பல் உடைந்தது?

தாஸ்


இன்வர்கார்கில், நியூசிலாந்து
12 பிப்ரவரி 2025
(மின்னஞ்சல்)

சத்தியதாஸ்,

வேலையில் சேர்ந்து ஒன்பது நாளாகிறது. இது இந்த நாட்டின் தெற்குக் கோடி. கோடைக்காலம் என்கிறார்கள், நான் ஸ்வெட்டரை இன்னும் கழற்றவில்லை. காற்று ஓயவே ஓயாது. சாயங்காலம் ஒன்பது மணிவரை வெளிச்சம் கிடக்கிறது. சாப்பிட்டு முடித்த பிறகும் பகல் மிச்சமிருந்தால் ஒரு மனுஷி என்ன செய்வாள்? ஷூவை மாட்டிக்கொண்டு நடக்கிறேன். நடக்கும்போது இடது கை தன்னாலே இடுப்புக்குப் பக்கத்தில் மடங்கி நிற்கிறது. சங்கிலி பிடிக்கும் கை.

அன்றைக்கு வித்துராவில் அவன் ஜீப்பிலிருந்து குதித்ததும் நேராக ஒரு ஸ்கூட்டரை மோந்து பார்க்கப் போனான். திரும்பிப் பார்ப்பதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று நான்தான் டிரைவரை அவசரப்படுத்தினேன். டீ குடிக்கிறாயா என்று நீங்கள் கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். குடித்திருக்கலாம்.

லேபில் எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். அவர்கள் வேகமாகப் பேசுவது பாதி புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, பிறகு போய்க் கம்ப்யூட்டரில் தேடுகிறேன். நேற்று ஒரு சாம்பிளைத் தவறான ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். சூப்பர்வைசர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீங்கள் போட்ட நிபந்தனை ஞாபகம் இருக்கிறது. படம் கேட்கவில்லை. அவன் எப்படி இருக்கிறான் என்று மட்டும் எழுதுங்கள்.

ஜெஸ்லின்


15 பிப்ரவரி 2025

ஜெஸ்லின்,

சரியாகச் சாப்பிடுவதில்லை. வாசலிலேயே கிடக்கிறான். ஜீப் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிறான். வேறொன்றும் இல்லை.

தாஸ்


16 பிப்ரவரி 2025

சத்தியதாஸ்,

வேறொன்றும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? காய்ச்சல் உண்டா? ஈறு என்ன நிறம்? மூத்திரத்தைப் பார்த்தீர்களா? பேபீசியா திரும்ப வரும். மனசு தளர்ந்தால் உடம்பு தளரும், உடம்பு தளர்ந்தால் அது எழும்பும். நாளைக்கே ரத்தம் எடுங்கள். யோசுவாவிடம் சொல்லுங்கள், பிளேட்லெட் எண்ணிக்கையை எனக்கு எழுதச் சொல்லுங்கள். சோற்றில் கொஞ்சம் அவித்த ஈரலைப் பிசைந்து பாருங்கள். அதற்கும் வாய் திறக்கவில்லையென்றால் உடனே எழுதுங்கள்.

தயவு செய்து எதையும் மறைக்காதீர்கள்.

ஜெஸ்லின்


27 பிப்ரவரி 2025

ஜெஸ்லின்,

ரத்தத்தில் குறை ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் ஆள் மெலிந்துவிட்டான். ஈரலும் வேண்டாம். எதிலும் பிடிப்பில்லை. பைக் வந்து நின்றாலும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. சாயங்காலம் ஆனால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பஸ்ஸெல்லாம் போன பிறகும்.

நீ வந்தால் ஒருவேளை சரியாகலாம். வா என்று சொல்லவில்லை. நிலைமையைச் சொன்னேன்.

தாஸ்


இன்வர்கார்கில்
6 மார்ச் 2025

சத்தியதாஸ்,

ஒரு வாரம் யோசித்தேன். யோசித்தேன் என்றால், இந்த ஊரில் இருக்கிற தெருவையெல்லாம் நடந்து தீர்த்தேன்.

ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை காலை சூப்பர்வைசரிடம் கொடுக்கிறேன். சேர்ந்த ஒரு மாதத்திலேயே விட்டுப் போனால் இந்த இடம் திரும்பக் கிடைக்காது, இனி இந்த நாட்டில் யாரும் கூப்பிட மாட்டார்கள். தெரிந்துதான் செய்கிறேன். ஒரு உயிர் எனக்காகச் சோறில்லாமல் கிடக்கும்போது நான் இங்கே யாரோ ஒருவரின் ரத்தத்தை எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

பதினைந்தாம் தேதிக்குள் வந்துவிடுவேன். அதுவரை அவனைப் பிடித்து வையுங்கள்.

ஜெஸ்லின்


வித்துரா
8 மார்ச் 2025

ஜெஸ்லின்,

கடிதத்தைக் கொடுக்காதே. முதலில் இதைப் படி.

மேஸ்திரி நன்றாக இருக்கிறான். நீ போன அன்றைக்கே சாப்பிட்டான். ஸ்கூட்டரை மோந்தான், இரண்டு ரவுண்டு முற்றத்தைச் சுற்றினான், நீ போன பக்கம் ஒருமுறை பார்த்தான், பிறகு வந்து தட்டை நக்கிக் காலி செய்துவிட்டுத் தூங்கினான். அடுத்த நாளும் தேடவில்லை. எதிர்பார்த்து நான்தான் உட்கார்ந்திருந்தேன். போன வாரம் எடை போட்டபோது ஒரு கிலோ கூடியிருந்தான். எலிசாள் அக்கா கடையில் பழம்பொரி மிஞ்சினால் அவனுக்குத்தான்.

நான் எழுதினதெல்லாம் பொய். உன் கடிதம் வந்ததும் அக்காவிடம் போய், "ஜெஸ்லின் வாறா" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். "எதுக்கு வாறா?" என்றாள். நாய் சாப்பிடவில்லை என்று எழுதியதைச் சொன்னேன். கையிலிருந்த டீ வடிகட்டியாலேயே தோளில் ஒன்று போட்டாள்.

"நாயி நல்லா தின்னுக்கிட்டுத்தான் கெடக்கு. தின்னாம கெடக்கது நீயில்லாலே? ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கது நீயில்லாலே? அத எழுத நாக்கு எழும்பாம நாய்க்க பேர்ல எழுதியிருக்க. அந்தப் பிள்ளைக்க பிழைப்பில ரெண்டு தடவ மண்ணள்ளிப் போட்டாச்சு. மூணாவதும் போட்டா இனி எனக்க கடையில உனக்கு டீ கெடையாது, கேட்டியா?"

அவள் சொன்னது சரி. நான் உனக்கு எழுதிய ஒவ்வொரு வரியையும் எடுத்து, நாய் என்ற இடத்தில் என்னைப் போட்டுப் படி. அப்போது அதில் பொய் இருக்காது.

நீ வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் இப்படி வர வேண்டாம். வந்து இறங்கி, அவன் கொழுத்துப்போய் பைக்குக்கு அடியில் தூங்குவதைப் பார்த்தால், பிறகு நீ என் முகத்தை எந்த ஜென்மத்திலும் பார்க்க மாட்டாய். இப்போதும் பார்க்க மாட்டாய். அது பரவாயில்லை. வேலையை விடாதே.

படம் கேட்கக் கூடாது என்று சொன்னவன் நான்தான். இத்தோடு ஒன்று அனுப்பியிருக்கிறேன். சாட்சிக்கு.

தாஸ்


இன்வர்கார்கில்
11 மார்ச் 2025

சத்தியதாஸ்,

உங்கள் மின்னஞ்சலைப் பார்க்கும்போது ராஜினாமாக் கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். படித்துவிட்டு வாய்க்கு வந்தபடி உங்களைத் திட்டினேன். நம் ஊர்த் தமிழில், சத்தமாக. எதிரே வந்த ஒரு வயதானவர், "ஆர் யூ ஓகே?" என்று நின்று கேட்டார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொழுத்துத்தான் போயிருக்கிறான். பழம்பொரியை நிறுத்துங்கள்.

அவன் என்னைத் தேடவே இல்லை என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது. நன்றாக இருக்கிறான் என்று சந்தோஷப்பட வேண்டியவள், அன்றைக்குப் பூராவும் அவன்மேல் கோபமாக இருந்தேன். பிறகுதான் வேறொன்று பிடிபட்டது. நீங்கள் உண்மையை எழுதியிருப்பதால் நானும் எழுதிவிடுகிறேன். அவன் சாப்பிடவில்லை என்று நீங்கள் எழுதியபோது நான் அழுதேன், பயந்தேன், எல்லாம் உண்மை. ஆனால் ராஜினாமாவை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. வந்த நாளிலிருந்து வராத தூக்கம் அன்றைக்கு வந்தது. இங்கே எனக்குப் பயமாக இருக்கிறது. பேசத் தெரியவில்லை, கை தடுமாறுகிறது, தோற்றுவிடுவேனோ என்று இருக்கிறது. திரும்பிப் போக ஒரு காரணம் கிடைத்தது, அதுவும் என்மேல் பழி வராத காரணம். நீங்கள் நாயின் பெயரில் எழுதினீர்கள். நான் நாயின் பெயரில் ஓடப் பார்த்தேன்.

கடிதத்தைக் கொடுக்கவில்லை. நேற்று சூப்பர்வைசரிடம் போய், "நீங்கள் பேசுவது எனக்குப் பாதிதான் புரிகிறது, மெதுவாகப் பேசுங்கள்" என்றேன். "முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்றும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் வந்திருந்தாலும் உங்களிடம் வந்திருக்க மாட்டேன். நாயை வாங்கிக்கொண்டு பேட்டைக்குப் போயிருப்பேன். நீங்கள் எழுதியதைப் படித்து என் மனசு இளகியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இளகியதை வைத்து வாழ முடியாது என்று நமக்கு இரண்டு பேருக்குமே தெரியும். நீங்கள் சோறு சாப்பிட வேண்டும். எலிசாள் அக்காவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், வடிகட்டியை எடுத்தே ஊட்டட்டும்.

மேஸ்திரியின் சிப் என் பெயரில் இருக்கிறது. உரிமையாளரை மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு இன்றைக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். மூன்று வாரத்தில் கிடைக்கும். உங்கள் பெயரையும் முகவரியையும் நானே நிரப்பியிருக்கிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். மூன்று வருஷம் கழித்து வந்து கேட்க மாட்டேன். மீடியேட்டர் அம்மாவாலும் இனி ஒன்றும் செய்ய முடியாது. அவன் உங்கள் நாய்.

உண்ணி மருந்து ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி. மழைக்காலத்தில் ஈறைத் திறந்து பாருங்கள். நான் கேட்காமல் அவனைப் பற்றி எழுத வேண்டாம்.

கேட்பேன்.

ஜெஸ்லின்